பாட்டு எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் கம்பியில்லா இசையின் கால் நூற்றாண்டு

ஓர் அறையில் பாட்டு, இன்னோர் அறையில் காது. இந்த இடைவெளிக்கு நெடுங்காலம் ஒரே வைத்தியம்தான் இருந்தது: சத்தத்தைக் கூட்டுவது. கூடத்து ரேடியோ சமையலறைக்கும் கொல்லைக்கும் சேர்த்தே பாடியது. வசதி படைத்தவர்கள் சுவரைக் கொத்திக் குழாய் புதைத்து, அறைக்கு அறை ஸ்பீக்கர் கம்பி இழுத்துக்கொண்டார்கள். 1990-களின் இறுதியில் எம்பி3 வந்து, பாட்டுகள் கணினியின் வன்தட்டில் குவியத் தொடங்கியதும் நிலைமை வேடிக்கையாகிவிட்டது. ஆயிரம் பாட்டுகள் படுக்கையறைக் கணினியில் கிடக்க, நல்ல ஆம்ப்ளிஃபயரும் பெட்டி ஸ்பீக்கர்களும் கூடத்தில் சும்மா நின்றன. கேட்பவரோ கணினிக்கு முன்னால், தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தூரத்தைக் கம்பியில்லாமல் கடக்க வந்த கருவிகள் இப்போது எண்ணற்றவை. கடையில் போய் நின்றால் ஒலித்தரம், எட்டும் தூரம், விலை என்று மூன்றைச் சொல்வார்கள். என் கணக்கில் மூன்றுமே இரண்டாம் பட்சம். முதலில் கேட்க வேண்டியவை வேறு: பாட்டு எங்கே இருக்கிறது? அதை எடுத்து வருவது யார்? பல ஸ்பீக்கர்கள் ஒன்றாகப் பாடும்போது நேரம் பார்ப்பது யார்? கருவியின் குணமும் ஆயுளும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. கால் நூற்றாண்டு அனுபவம் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

முதலில் வந்த மூவர்

கலிஃபோர்னியாவில் ஷான் ஆடம்ஸ் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001-இல் ஸ்லிம்பி3 என்ற பெட்டியை விற்றது. அதில் வன்தட்டு கிடையாது, வைஃபைகூடக் கிடையாது. ஈதர்நெட் கம்பி வழியாகக் கணினியிலிருந்து எம்பி3-ஐ வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. மூளை முழுவதும் கணினியில் ஓடிய சர்வர் மென்பொருளில் இருந்தது. பெர்ல் மொழியில் எழுதிய அந்த மென்பொருளின் மூல நிரலை நிறுவனம் திறந்தே வைத்தது. 2003-இல் அதே யோசனை வைஃபை பொருத்திக்கொண்டு ஸ்க்வீஸ்பாக்ஸ் ஆனது.

அடுத்து ஆப்பிள். 2004 ஜூனில் அறிவிக்கப்பட்ட ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகும் ஒரு வெள்ளைக் கட்டி. விலை 129 டாலர். அதன் ஓட்டையில் ஸ்பீக்கர் கம்பியைச் செருகிவிட்டால் ஐட்யூன்ஸிலிருந்து பாட்டு வந்து சேரும். அந்த வசதிக்கு ஏர்ட்யூன்ஸ் என்று பெயர். இங்கே பாட்டை எடுப்பதும் தள்ளுவதும் கணினி. கணினியை மூடினால் பாட்டு நிற்கும். அடுத்த பாட்டுக்கு மாற்ற எழுந்து கணினியிடம் நடக்க வேண்டும். இன்னொன்றையும் ஆப்பிள் செய்தது: ஐட்யூன்ஸைத் தவிர வேறெதுவும் அந்தக் கட்டிக்கு ஒலி அனுப்ப முடியாதபடி ஓடையைப் பூட்டி அனுப்பியது. டிவிடி பூட்டைத் திறந்து பெயர் பெற்ற நார்வேக்காரர் யோன் லெக் யோஹான்சன் இரண்டே மாதத்தில், பிற மென்பொருள்களிலிருந்தும் ஒலி அனுப்ப வழி செய்தார். எதிர்த்திசைக்கு ஏழு ஆண்டு பிடித்தது. 2011-இல் கட்டியின் உள்ளே இருந்த ரகசியச் சாவியை ஒரு நிரலாளர் எடுத்து வெளியிட, எந்த லினக்ஸ் பெட்டியும் தன்னை ஆப்பிள் ஸ்பீக்கர் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. ஷேர்போர்ட் என்ற அந்த நிரலின் வாரிசுகள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன.

மூன்றாவது சோனோஸ். 2002-இல் சாண்டா பார்பராவில் தொடங்கிய இந்நிறுவனத்தின் முதல் பெட்டி 2005 ஜனவரியில் கைக்கு வந்தது. வீட்டு வைஃபையை நம்பாமல் தன் பெட்டிகளுக்குள் தானே ஒரு வலையைப் பின்னிக்கொண்டது இதன் சிறப்பு. கையில் பிடிக்க வண்ணத் திரையும் உருட்டும் சக்கரமும் கொண்ட தனிக் கருவி வந்தது. பாட்டு கணினியின் பகிர்ந்த கோப்புறையில் இருக்கும். பெட்டியே போய் எடுத்துக்கொள்ளும். பல அறைகளைக் குழுவாகச் சேர்த்தால் ஒரு பெட்டி தலைமை ஏற்றுப் பாட்டை வாங்கி மற்றவற்றுக்குப் பங்கிடும். விலை அதிகம்தான். ஆனால் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடக்கும்போது பல்லவி இரட்டிக்காமல் கேட்ட முதல் வீட்டுக் கருவிகளில் இது ஒன்று.

சோனியும் இன்டெல்லும் முன்னின்று 2003-இல் அமைத்த கூட்டமைப்பு ஒன்றும் உண்டு; பிறகு டிஎல்என்ஏ என்று பெயர் பெற்றது. டிவிப் பெட்டிகளின் அட்டையில் அதன் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். எல்லா நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்ற நல்ல நோக்கம், நடைமுறையில் நொண்டியடித்தது. எந்தக் கோப்பு வகையை யார் இசைப்பது என்பதில் ஆளுக்கொரு வழி. அதைவிடப் பெரிய கோளாறு, அடுத்தடுத்துப் பாட வேண்டிய பட்டியல் கைப்பேசிச் செயலியிடம் இருந்தது. கைப்பேசி உறங்கினால் அடுத்த பாட்டு வராது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் பட்டியலை ஸ்பீக்கர் பக்கத்துக்கு மாற்றும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தது; பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 2017-இல் கூட்டமைப்பு கலைந்தது.

நேரம் பார்ப்பவர்

கம்பியில்லாமல் பாட்டை ஓர் அறைக்கு அனுப்புவது இன்று கடினமே இல்லை. குறுந்தகட்டின் ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக் போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் அது ஏறத்தாழ பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் இறங்கிவிடும். 2003-இல் வந்த வைஃபைக்கே 54 மெகாபிட் என்று பெயர். அதில் பாதிகூட நடைமுறையில் கிடைக்கவில்லை என்றாலும் பாட்டுக்கு அது தாராளம். சிக்கல் இரண்டாவது ஸ்பீக்கரை வைக்கும்போது தொடங்குகிறது.

ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கை அதுதான் எண்ணித் தருகிறது. எந்த இரண்டு படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வையுங்கள். மலிவான படிகங்களில் இது சாதாரணம். ஒரு நிமிடத்தில் 3 மில்லிவிநாடி விலகும். ஒரு மணி நேரத்தில் 180. ஒன்றாகத் தொடங்கிய இரு ஸ்பீக்கர்கள் கச்சேரி முடியும்போது எதிரொலி போட்டுக்கொண்டிருக்கும்.

காது எவ்வளவு பொறுக்கும்? ஒரே ஒலி இரு திசையிலிருந்து சுமார் 30, 40 மில்லிவிநாடிக்குள் வந்தால் மூளை அதை ஒன்றாகவே கொள்கிறது, முதலில் வந்த திசையை மட்டும் நம்புகிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் முனைவர் ஆய்வில் விவரித்த விளைவு இது. அதைத் தாண்டினால் தனி ஒலியாகப் பிரிந்து கேட்கும். காற்றும் தன் பங்குக்குத் தாமதிக்கிறது: ஒலி 34 சென்டிமீட்டர் கடக்க ஒரு மில்லிவிநாடி. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கர், மின்னணுவில் எந்தப் பிழையும் இல்லாவிட்டாலும் 29 மில்லிவிநாடி பிந்தித்தான் காதுக்கு வரும். ஆகவே அறைக்கு அறை என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஒரே அறையில் இடம், வலம் என இரண்டு கம்பியில்லா ஸ்பீக்கர்களை ஸ்டீரியோ ஜோடியாக வைத்தால் அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு மில்லிவிநாடி பிசகினாலே பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து ஒரு ஸ்பீக்கரின் மேல் போய் உட்கார்ந்துவிடுவார்.

எல்லாத் தயாரிப்பாளர்களும் இதற்குக் கண்ட வழி அடிப்படையில் ஒன்றே. ஒரு கருவியின் கடிகாரத்தைத் தலைமையாக வைத்து, மற்றவை அடிக்கடி அதனிடம் மணி கேட்கும். பாட்டின் ஒவ்வொரு துண்டின் மேலும் ‘இதை இன்ன நேரத்துக்கு ஒலி’ என்று எழுதப்பட்டிருக்கும். துண்டுகள் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். கடிகாரம் மெல்ல விலகும்போது ஒலியின் வேகத்தை நுண்ணிய அளவில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளும். இதற்குக் கொடுக்கும் விலை தாமதம். ஏர்ட்யூன்ஸின் வாரிசான ஆப்பிளின் பழைய ஏர்ப்ளேயில் பொத்தானை அழுத்தினால் ஏறக்குறைய இரண்டு விநாடி கழித்துத்தான் பாட்டு வரும். பாட்டுக்கு அது பொருட்டில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே பாட நினைத்தால் முடியாது. 2018 மே மாதம் வந்த ஏர்ப்ளே 2, இன்னும் துல்லியமான நேர ஒத்திசைவு முறைக்கு மாறியதோடு நிறையப் பாட்டை முன்கூட்டியே ஸ்பீக்கரில் சேமித்துக்கொண்டது. வைஃபை சில விநாடி அறுந்தாலும் பாட்டு அறுவதில்லை.

இந்தக் குழுச் சேர்க்கையைச் சுற்றிக் காப்புரிமைப் போரும் நடந்தது. கூகுள் தன் நுட்பத்தை எடுத்துக்கொண்டதாக 2020-இல் சோனோஸ் வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவின் பன்னாட்டு வணிக ஆணையம் 2022 ஜனவரியில் ஐந்து காப்புரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. விளைவு வீட்டுக்குள்ளேயே தெரிந்தது: கூகுள் ஸ்பீக்கர் வைத்திருந்தவர்கள் ஒரே இழுப்பில் எல்லா அறைகளின் சத்தத்தையும் குறைக்க முடியாமல் போனது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு வசதியை, வாங்கிய பிறகு, வேறெங்கோ நடந்த வழக்கு பறித்தது. 2023 மே மாதம் ஜூரி 3.25 கோடி டாலர் கொடுக்கச் சொன்னதும், அக்டோபரில் நீதிபதி அதை ரத்து செய்ததும், பிறகு மேல்முறையீட்டுக்குப் போனதும் வழக்கறிஞர்களுக்கான கதை.

சுவரும் பீரோவும்

நம் ஊர் வீடுகளில் குறை சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஸ்பீக்கரை அல்ல, ரவுட்டர் இருக்கும் இடத்தை. ஃபைபர் கம்பி எந்த ஜன்னல் வழியாக நுழைகிறதோ அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் இரண்டு, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று, நடுவில் ஓர் இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். ஆனால் அங்கே கூட்டம். ஒன்றை ஒன்று மிதிக்காத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும். ப்ளூடூத்தும் அங்கேயே திரிகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45-இல்தான் சூடாக்குகிறது, குழம்பு சூடாகும் இரண்டு நிமிடமும் பாட்டு திக்கும் வீடுகள் உண்டு.

இன்னொரு கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. கைப்பேசியிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டைத் தள்ளும்போது ஒவ்வொரு துண்டும் காற்றை இருமுறை கடக்கிறது: கைப்பேசியிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து ஸ்பீக்கருக்கு. ஐந்து அறைக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் பெரும்பாலான கருவிகள் ஒரே ஓடையை ஐந்து முறை தனித்தனியாக அனுப்புகின்றன. எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை கூவிவிடும் வழி வைஃபையில் இருக்கிறது. ஆனால் அப்படிக் கூவியது வந்து சேர்ந்ததா என்று யாரும் ஒப்புதல் சொல்வதில்லை, தவறியது திரும்ப வருவதில்லை, வேகமும் மிகக் குறைந்த படியில் ஓடும். ஆகவே ஒரு முனையையாவது கம்பியில் கட்டுவது எந்த விலையுயர்ந்த ரவுட்டரையும்விட அதிகம் உதவும். பாட்டு இருக்கும் கணினியையோ குழுவின் தலைமை ஸ்பீக்கரையோ ரவுட்டரில் கம்பியால் செருகிவிட்டால் காற்றின் சுமை பாதியாகிவிடும். கம்பியில்லா இசைக்கு முதல் ஆலோசனையாகக் கம்பியைச் சொல்வது எனக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஸ்பீக்கர் இருந்தும் செயலியில் பெயரே காட்டாத நோய் வேறு வகை. கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது அந்தப் பொதுக் கூவலால்தான். விருந்தினர் வைஃபையில் கைப்பேசி இணைந்திருந்தாலோ, ரவுட்டரில் கருவிகளைப் பிரித்து வைக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தாலோ, வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனி வலையாக ஓடினாலோ கூவல் போய்ச் சேராது. ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது.

ப்ளூடூத் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. விநாடிக்கு 1,600 முறை தடம் தாவி, 79 தடங்களில் நெரிசலைத் தவிர்த்துக்கொண்டு, ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டை அனுப்புகிறது. எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி சுருக்கம் உயர்தர அமைப்பில் விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட். கேட்கத் தாராளமாகப் போதும். ரவுட்டர் வேண்டாம், கணக்கு தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். நம் வீடுகளில் அது ஜெயித்ததற்குக் காரணம் இதுவே. ஓர் அறை, ஒரு ஆள் என்றால் அதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டும் கூடவே போய்விடும், அழைப்பு வந்தால் பாட்டு நடுவில் நிற்கும் என்பவை அதன் பிறவிக் குணங்கள். பாட்டை எடுத்து வருவது கைப்பேசி என்பதால் வந்தவை. பலருக்கு ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் ஆராகாஸ்ட் என்ற புதிய முறை 2022-இல் அறிவிக்கப்பட்டது. வீடுகளைவிட விமான நிலையம், அரங்கம் போன்ற இடங்களுக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

கைப்பேசி வெறும் ரிமோட் ஆனபோது

2013-இல் ஒரே ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. கூகுளின் குரோம்காஸ்ட் ஜூலையில் வந்தது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் செப்டம்பரில். இரண்டிலும் கைப்பேசி பாட்டைத் தொடுவதே இல்லை. ‘இன்ன முகவரியில் இன்ன பாட்டு இருக்கிறது, போய் எடுத்துக்கொள்’ என்று ஸ்பீக்கரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். ஸ்பீக்கரே இணையத்துக்குப் போய் எடுத்து வரும். பாட்டு ஓடும்போதே அழைப்பு பேசலாம், பேட்டரி தீராது, கைப்பேசியை அணைத்துவிட்டு வெளியே போனாலும் வீட்டில் பாட்டு நிற்காது. காற்றை இருமுறை கடக்கும் தொல்லையும் போயிற்று. பொறியியலாகப் பார்த்தால் இதுவே சரியான வடிவம்.

ஆனால் பாட்டு வீட்டை விட்டுப் போய்விட்டது. படுக்கையறைக் கணினியில் இருந்தது இப்போது எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அதை அடைய மாதச் சந்தா, உயிரோடிருக்கும் கணக்கு, அறாத இணையம், நிறுவனம் ஒப்புக்கொண்ட ஸ்பீக்கர் என நான்கும் ஒருசேர வேண்டும். அமேசானின் எக்கோ அமெரிக்காவில் 2014-லும் இந்தியாவில் 2017-லும் விற்பனைக்கு வந்தது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதற்குள் சாவன், கானா போன்றவை இங்கே வேரூன்றியிருந்தன. பாட்டைச் சேர்த்து வைப்பது பழைய பழக்கமாகிப்போனது.

ஸ்பீக்கர்களின் சாவு இங்கிருந்து தொடங்குகிறது. கூகுள் 2015-இல் 35 டாலருக்கு விற்ற குரோம்காஸ்ட் ஆடியோ அருமையான சிறு கருவி. எந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரையும் வைஃபைக்குக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2025 மார்ச் 9 அன்று உலகெங்கும் அவை ஒன்றாக ஊமையாகின. கருவி பழுதாகவில்லை, அதன் அடையாளத்தை உறுதிசெய்யும் பத்தாண்டுச் சான்றிதழ் ஒன்று அன்றைக்குக் காலாவதியானது. சில நாட்களில் கூகுள் திருத்தம் அனுப்பி உயிர்ப்பித்தது. அனுப்பாமல் விட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை.

சோனோஸ் பழைய பெட்டிகளை 2020 மே முதல் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்து, வாடிக்கையாளர்களின் கோபத்துக்குப் பிறகு பழையவற்றுக்கு ஒரு செயலி, புதியவற்றுக்கு ஒரு செயலி என்று பிரித்தது. தள்ளுபடி வாங்குவதற்காகப் பழைய பெட்டியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு ஒன்றையும் அதற்குச் சற்று முன்பு வைத்திருந்தார்கள். எதிர்ப்பில் அதுவும் போயிற்று. 2024 மே மாதம் செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டபோது அலாரமும் உறக்க நேர நிறுத்தமும் உள்பட அன்றாடம் பயன்பட்ட வசதிகள் காணாமல் போயின. அந்தக் கொந்தளிப்பு அடங்குவதற்குள், 2025 ஜனவரியில், தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். போஸ் நிறுவனம் 2013 முதல் விற்ற சவுண்ட்டச் வரிசைக்கான இணையச் சேவையை நிறுத்தப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. அதிருப்தி கிளம்பியதும், பிறர் தாமே மென்பொருள் எழுதிக்கொள்ள உதவும் ஆவணங்களை வெளியிட்டது. மற்றவர்களும் பின்பற்ற வேண்டிய செயல் அது.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்க்வீஸ்பாக்ஸை வைத்துப் பார்க்கலாம். ஸ்லிம் டிவைசஸை 2006-இல் லாஜிடெக் 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2012-இல் அந்த வரிசையை மூடியது. இணையச் சேவையையும் 2024 தொடக்கத்தில் நிறுத்தியது. வணிகமாகப் பார்த்தால் முற்றிலும் செத்த சரக்கு. ஆனால் மூளை வீட்டுக் கணினியில் இருந்தது, மூல நிரல் திறந்திருந்தது. தன்னார்வலர்கள் அந்த சர்வருக்கு லிரியன் என்று புதுப் பெயர் வைத்து இன்றும் பராமரிக்கிறார்கள். இருபது ஆண்டு பழைய பெட்டிகள் அதனோடு பேசுகின்றன. ராஸ்பெர்ரி பை போன்ற கையகலக் கணினியும் ஸ்க்வீஸ்லைட் என்ற சிறு நிரலும் இருந்தால் புதிதாகவே ஒரு ஸ்க்வீஸ்பாக்ஸ் செய்துகொள்ளலாம். நிறுவனம் இறந்தும் கருவி இறக்காததற்குக் காரணம் யாருடைய நல்லெண்ணமும் அல்ல, 2001-இல் மூளையை எங்கே வைத்தார்கள் என்பதே.

தரம் பற்றிய சண்டைக்கு ஒரு பத்தி போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தெளிவுக் கோப்பு விநாடிக்கு 9,216 கிலோபிட். இன்றைய வைஃபை அதையும் சுமக்கும். கேட்குமா என்பதே கேள்வி. மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவு ஒலியைக் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கிய ஒலியோடு மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். எது எது என்று கேட்டவர்கள் 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டியதற்குச் சமம். 2016-இல் ஜோஷுவா ரைஸ் பதினெட்டு சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது விடை 52.3 சதவீதம். புள்ளியியலில் அது பூஜ்யமல்ல, கூடத்து சோபாவில் பூஜ்யம்தான். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம்.

ஆகவே இன்று ஒருவர் புதிதாகத் தொடங்கினால் என் யோசனை இது. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் இணையம் அறியாத பழைய வகையாகவே இருக்கட்டும். அவை முப்பது ஆண்டு உழைக்கும். பாட்டை எடுத்து வரும் மூளை மட்டும் தனியாக, மலிவாக, கம்பியால் செருகியபடி இருக்கட்டும். ஏழெட்டு ஆண்டில் அது காலாவதியானால் அதை மட்டும் மாற்றலாம். கடையில் வாங்கும் சிறு ஸ்ட்ரீமர் போதும். கைவேலை பிடித்தவர்களுக்கு ராஸ்பெர்ரி பையும் ஒலிப் பலகையும். இரண்டு மூன்று அறைகளை ஒத்திசைக்க ஸ்னாப்காஸ்ட் போன்ற இலவச நிரல்கள் உள்ளன. சந்தாச் சேவையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது இல்லாமலும் பாட வேண்டும். மின்வெட்டுள்ள ஊர்களில் ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வைத்தால், மின்சாரம் போய் ஒரு விநாடியில் வந்தாலும் ரவுட்டர் புதிதாக எழும்பி எல்லா ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும் சில நிமிடக் குழப்பம் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய அழகான ஸ்பீக்கரை வாங்குபவர்களைத் தடுக்க மாட்டேன். அது ஸ்பீக்கர் விலையில் வாங்கும் கைப்பேசி என்று தெரிந்து வாங்கினால் சரி.

தோடியைத் தேடினால்

இவ்வளவும் சரியாக அமைந்த வீட்டிலும் தமிழ்க் கேட்பாளருக்குத் தீராமல் நிற்கும் தொல்லை ஒன்று உண்டு: பாட்டைக் கண்டுபிடிப்பது. இந்த மென்பொருள்கள் எல்லாம் மேற்கத்திய பாப் தொகுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று அடுக்குக்குள் உலகத்தை அடக்கப் பார்க்கும். நம் திரைப்பாட்டை நாம் தேடும் வழி வேறு. இளையராஜா பாட்டு என்போம், கண்ணதாசன் எழுதியது என்போம், பி. சுசீலா பாடியது என்போம். எம்பி3 கோப்பின் குறிப்புப் பட்டையில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. நிரப்புகிறவர் குறைவு, நிரப்பினாலும் பல செயலிகள் காட்டுவதில்லை. அதனால் கலைஞர் என்ற ஒரே கட்டத்தில் இசையமைப்பாளர், இரண்டு பாடகர்கள், சில சமயம் பதிவேற்றிய இணையதளத்தின் பெயர் வரை திணிக்கப்பட்டுக் கிடக்கும்.

கர்நாடக இசையில் இன்னும் மோசம். ராகம், தாளம், சாகித்யகர்த்தா, பக்கவாத்தியம், கச்சேரி நடந்த சபை, ஆண்டு ஆகிய எதற்கும் இடமில்லை. தோடியை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். போதாததற்கு இந்துஸ்தானியில் தோடி என்று இருப்பது வேறு ராகம். நம் சுபபந்துவராளிக்கு நெருங்கியது. தேடுபொறி இரண்டையும் ஒரே கூடையில் கொட்டும். ஒரு ராகம் தானம் பல்லவியைக் குறுந்தகட்டில் நாலு தடமாக வெட்டியிருந்தால் வேறொரு சங்கடம். எம்பி3 தன் ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாகக் கட்டுகிறது. ஒரு சட்டம் 26 மில்லிவிநாடி. தடத்தின் முடிவு சட்டத்துக்குள் சரியாக அடங்காதபோது மீதி மௌனத்தால் நிரம்பும். தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்து ஒட்டும். ஃபிளாக் கோப்பில் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் சில ஸ்பீக்கர்கள் தடத்துக்குத் தடம் இணைப்பைப் புதிதாகத் தொடங்கி, இல்லாத இடைவெளியைத் தாமே உண்டாக்கும். மலிவான ஸ்ட்ரீமரை வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு தடங்களாக வெட்டிய ஒரு ஆலாபனையைப் போட்டுக் காட்டச் சொல்வது, விளம்பரத் தாளில் உள்ள அத்தனை எண்களையும்விடப் பயனுள்ள சோதனை.

பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வானொலியில் பதிந்த கச்சேரிகள், கோயில் திருவிழா நாகஸ்வரம், எந்தச் சேவையிலும் கிடைக்காத இலங்கை வானொலி நிகழ்ச்சிகள். அவர்களுக்கு ஃபிளாக் வடிவம் நல்லது. அதன் குறிப்புப் பட்டையில் ராகம், தாளம், சபை என்று வேண்டிய கட்டங்களை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம், யூனிகோடு தமிழிலும் எழுதலாம். லிரியன் போன்ற சர்வர்கள் அந்தக் கட்டங்களைக்கொண்டு பட்டியலிடப் பழக்கிக்கொள்ளலாம். ஆனால் செயலிக்குச் செயலி இது மாறும் என்பதால், கோப்பின் பெயரிலேயே பாடகர், ராகம், உருப்படி, ஆண்டு நான்கையும் அந்த வரிசையில் எழுதி வைப்பதும், ரோமன் எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தொடக்கத்திலிருந்து கடைப்பிடிப்பதும் நல்லது. வேலை சலிப்பானது, ஒரு பெட்டி நாடாவுக்குப் பல வாரம் பிடிக்கும். நாடாவின் அட்டையில் பென்சிலால் எழுதியிருப்பதை முதலில் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். அந்தக் கையெழுத்தைப் படிக்கக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டு எழுதுவது, சர்வர் அமைப்பதைவிட அவசரமான வேலை.